துபாயை விட்டுக் கிளம்பும்போது: ஒரே விருந்தா, ஒவ்வொருவராகவா?

துபாய் வேலையை முடித்துக்கொண்டு ஊருக்கே திரும்புகிறவர்கள் நண்பர்களிடம் இரண்டு விதமாக விடைபெறுகிறார்கள். மம்சார் பூங்காவில் சனிக்கிழமை சாயங்காலம் எல்லோரையும் கூட்டி, கரி அடுப்பில் கோழி சுடுவது ஒன்று. செலவு ஒரே நாளோடு போகும். 2022-இல் வார விடுமுறை சனி, ஞாயிறு என்று மாறியபின் அலுவலகக்காரர்களைக் கூட்டுவதும் சுலபம். கடையிலும் கட்டடத்திலும் வேலை செய்கிறவர்களில் பலருக்கு அந்தச் சனிக்கிழமை வேலைநாள்தான். முதல் சம்பளம் வரும்வரை சோறு போட்ட அறை நண்பன்தான் பெரும்பாலும் வரமுடியாதவன். வந்தாலும் செல்ஃபி கூட்டத்தில் நாலு வார்த்தை பேச முடியாது.

ஒவ்வொருவராகப் பார்ப்பதென்றால் அலைச்சல். கராமாவில் ஒருவர், சோனாப்பூர் தொழிலாளர் முகாமில் ஒருவர். மாலை நெரிசலில் ஷார்ஜா போய்வருவதற்குள் பொழுதே போய்விடும். ஆனால் டீக்கடை வாசலில் கரக் டீ ஆறுவதற்குள், "இதை அம்மாகிட்ட குடுத்துடுறியா மாப்ள" என்று ஒரு பொட்டலம் கைக்கு வரும். (லக்கேஜ் கணக்கு இடிக்கும், அது வேறு கதை.) கொடுக்கல் வாங்கலும் அங்கேதான் கௌரவமாகத் தீரும்.

என் ஓட்டு இரண்டாவதற்கே. பிள்ளைகுட்டியோடு இருந்தவர்களுக்கு விருந்து சரி. எதுவானாலும் விசா ரத்துக்கு முன்பே ஆரம்பித்துவிடுங்கள். போனில் போடிம் (Botim) என்ற அழைப்புச் செயலி இருக்கட்டும்; அங்கிருப்பவர்களோடு வாட்ஸ்அப் அழைப்பில் பேசுவது நடக்காத காரியம்.