கேர் டெண்டர்: ஆள் வைத்து எழுதுவதா, நாமே எழுதுவதா?

இங்கிலாந்தில் எக்ஸ்ட்ரா கேர் வீடுகளில் முதியவர்கள் தங்கள் ஃபிளாட்டில், தங்கள் சாவியோடு வாழ்கிறார்கள். அதே கட்டடத்தில் இரவும் பகலும் பராமரிப்பாளர்கள் இருப்பார்கள். கட்டடம் பெரும்பாலும் ஹவுசிங் அசோசியேஷன் என்ற லாபநோக்கற்ற வீட்டுவசதி அமைப்புடையது. பராமரிப்பு வேலையை உள்ளாட்சி அமைப்பான கவுன்சில் டெண்டர் விடும். எங்களைப் போன்ற சின்ன கம்பெனி அந்த டெண்டரைக் கட்டணம் வாங்கி எழுதுபவரிடம் கொடுக்கலாம், அல்லது தானே எழுதலாம். இரண்டையும் செய்து பார்த்துவிட்டோம். நான் நாமே எழுதும் பக்கம்தான்.

வெளியாளின் பலம் தெரிந்ததே. 2025 பிப்ரவரி 24 அன்று நடைமுறைக்கு வந்த புதிய கொள்முதல் சட்டம், படிவங்கள், சொல் வரம்பு எல்லாம் அவருக்கு அத்துப்படி. மேனேஜருக்குப் பல இரவுத் தூக்கம் மிச்சம்.

ஆனால் டெண்டரில் எழுதுவது ஜெயித்த பிறகு ஒப்பந்தத்தில் சேர்ந்துவிடுகிறது. எழுதியவர் போய்விடுவார், வாக்கு நம்மிடம் நிற்கும். எங்கள் முதல் டெண்டரில் வெளியாள் எழுதியது: "இரவில் மணி அடித்தால் பத்து நிமிடத்தில் நேரில் வருவோம்." நல்ல மதிப்பெண் கிடைத்தது, வேலையும் கிடைத்தது. விலையில் போட்டிருந்ததோ விழித்திருக்க ஒருவர், அங்கேயே படுத்துத் தூங்க ஒருவர். மூன்றாம் மாடியில் ஒருவரை ஹாய்ஸ்ட் என்ற தூக்கும் கருவியில் தூக்க இரண்டு பேர் வேண்டும். அந்த நேரம் கீழே மணி அடித்தால் யார் போவது? தூங்கும் ஷிஃப்டில் விழித்து வேலை செய்யும் நேரத்துக்குத்தான் குறைந்தபட்ச ஊதியம் என்று 2021இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதை நம்பிப் போட்ட மலிவுக் கணக்கு, ஒரே இரவில் பலமுறை எழுப்ப வேண்டியிருந்தபோது நிற்கவில்லை. இரண்டாவது ஆளையும் விழித்திருக்க வைத்தோம், எங்கள் கைக்காசில்.

அடுத்த டெண்டரை நாங்களே எழுதினோம். முதலில் ரோட்டா (யாருக்கு எப்போது வேலை என்ற அட்டவணை), அப்புறம்தான் பதில். இரவு வேலை பார்க்கும் அக்கா வரைவை வாங்கி, "பத்து நிமிடம்" என்பதைப் பென்சிலால் அடித்தார். "தம்பி, முதல்ல இன்டர்காம்ல குரல் கொடுப்போம், விழுந்திருந்தா கை வேலையைப் பத்திரமா நிறுத்திட்டு ஓடுவோம். அதை எழுதுங்க" என்றார். அப்படியே எழுதினோம்.

விலையும் இப்படித்தான். ஒப்பந்தம் கைமாறும்போது ஊழியர்களைக் காக்கும் ட்யூப்பி (TUPE) விதிப்படி, முன்பு அந்த வேலையைச் செய்த கம்பெனியின் ஊழியர்கள் பழைய சம்பளம், பழைய விடுப்போடு நம்மிடம் வருவார்கள். அந்தப் பட்டியலை வரி வரியாகப் பார்த்தோம். 2025 கணக்கில் வாரம் 12 மணி நேரம், மணிக்கு 12.21 பவுண்ட் வாங்கியவருக்கு ஆண்டுக்குச் சுமார் 7,600 பவுண்ட். ஊழியர் சம்பளத்தின் மேல் முதலாளி அரசுக்குக் கட்டுவது தேசியக் காப்பீடு. 2025 ஏப்ரலுக்கு முன் அதைக் கட்டும் வரம்பு ஆண்டுக்கு 9,100 பவுண்ட், அதனால் இவ்வளவு சம்பளத்துக்கு ஒன்றும் கட்ட வேண்டியிருக்கவில்லை. வரம்பு 5,000க்கு இறங்கியதும் அதற்கு மேலுள்ள தொகைக்கு 15 சதவீதம். எக்ஸ்ட்ரா கேரில் பகுதிநேர ஊழியர்கள் நிறைய. சராசரி வைத்து விலை போட்டால் இது கண்ணில் படாது.

ஒன்று சொல்ல வேண்டும். நாங்கள் போட்டதெல்லாம் ஒரே கட்டடத்துக்கான டெண்டர்கள். பல கட்டடங்களைச் சேர்த்து விடும் பெரிய டெண்டருக்கு வெளியாள் தேவைப்படலாம், அதில் எனக்கு அனுபவம் இல்லை. இப்போதும் கடைசி வரைவை மதிப்பெண் அளவுகோலோடு ஒப்பிட்டுப் பார்க்க ஒரே ஒரு நாளுக்கு வெளியாளுக்குப் பணம் கொடுக்கிறோம். அவர் கேள்விகளைக் குறித்துத் தருவார், பதிலை நாங்கள் திருத்துவோம்.