அரக்கனுக்குப் புலித்தலை எங்கிருந்து வந்தது? ‘மான்ஸ்டர் மேனுவல்’ நூலை முன்வைத்து

கோலாலம்பூர் செந்தூலில் நண்பர் ஒருவரின் வீட்டு உணவு மேசையைச் சுற்றி, மாதத்தில் இரண்டு சனிக்கிழமை இரவுகளில், நாங்கள் ஐந்து பேர், பகடை உருட்டிக் கதையாக நகர்த்தும் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்னும் பாத்திர விளையாட்டை ஆடி வருகிறோம். கதையை நடத்தும் பொறுப்பு என்னுடையது. அதற்காக, 2014-இல் வெளியான ஐந்தாம் பதிப்பின், எதிரி உயிரினங்களைத் தொகுத்துத் தரும் ‘மான்ஸ்டர் மேனுவல்’ நூலை இணையக் கடை ஒன்றில் 190 ரிங்கிட்டுக்கு வாங்கினேன். பொதி கட்டியவர் உள்ளே ஓர் அட்டைத் துண்டுகூட வைக்காததால் நூலின் மூலை மடங்கித்தான் வந்து சேர்ந்தது. நூலோ 352 பக்கம், முழுவண்ணம், கெட்டி அட்டை. இதிலுள்ள அரக்கர், பேய், பிசாசுப் பக்கங்களைப் பற்றி மட்டுமே இங்கு எழுதுகிறேன். டிராகன்களைப் பற்றிப் பேச வேறு பலர் இருக்கிறார்கள்.

நான் முதலில் புரட்டியது ராட்சசன் இருந்த பக்கத்தைத்தான். தமிழ் வீட்டில் வளர்ந்த எவரும் அதைத்தான் செய்வார்கள் என்று நினைக்கிறேன். பட்டாடை உடுத்திய புலித்தலையன் அங்கே நிற்கிறான்; அவன் உள்ளங்கைகள் புறங்கை இருக்க வேண்டிய பக்கம் திரும்பியிருக்கின்றன. ஆறாம் நிலை வரையிலான மந்திரம் எதுவும் அவன் விரும்பினாலன்றி அவனைத் தொடாது. ஆனால் நல்லவன் ஒருவன் கையிலுள்ள மந்திர ஆயுதம் அவனைக் குத்தினால் சேதம் இரட்டிப்பாகும். பிறப்பைப் பற்றியோ, ஒன்பது நரகங்களைச் சேர்ந்த டெவில்கள் ஒரு சடங்கின் மூலம் தங்கள் உடலைத் துறந்து இப்படி வெளியேறினார்கள் என்று நூல் சொல்கிறது. இலங்கையும் இல்லை, புலத்தியர் வம்சமும் இல்லை.

இந்த உருவத்தின் வேரைத் தேடினால் நாம் போய்ச் சேருவது வால்மீகியிடமோ கம்பனிடமோ அல்ல. 1974-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்த ‘கோல்சாக்: தி நைட் ஸ்டாக்கர்’ தொடரின் ஓர் அத்தியாயத்தில், எதிரில் நிற்பவர் யாரை நம்புகிறாரோ அவருடைய உருவத்திலேயே வந்து ஆளைக் கொல்லும் ராட்சசன் ஒருவன் வருகிறான், மந்திரித்த குறுக்குவில் அம்பினால்தான் அவன் சாவான். 1977-இல் வெளியான முதல் ‘மான்ஸ்டர் மேனுவல்’ இவ்விரு கூறுகளையும் அப்படியே எடுத்துக்கொண்டது. அந்நூலுக்கு டேவிட் டிராம்பியர் வரைந்த, புகைக்குழலுடன் அமர்ந்திருக்கும் புலிமுகப் பிரபுதான் பிற்காலத்து ராட்சசர்கள் அனைவருக்கும் முன்மாதிரி. ‘நல்லவன் கை ஆயுதம்’ என்று இந்த 2014 பதிப்பில் உள்ள விதி அந்த மந்திரித்த அம்பின் மிச்சமே.

இதைப் படித்ததும் எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டு செய்திகளை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். புலிமுகம் நம் மரபுக்கு முற்றிலும் அந்நியமானது அல்ல. அசோகவனத்தில் சீதையைக் காவல் காத்த அரக்கியரில் பன்றி முகத்தவர், மான் முகத்தவர், புலி முகத்தவர் இருந்ததாக வால்மீகியின் சுந்தர காண்டம் வருணிக்கிறது. இன்னொன்று, ஒரே ஒரு வழியில் மட்டுமே கொல்லக்கூடிய எதிரி என்ற எண்ணம் நம் வரக்கதைகளின் உயிர்நாடி. இரணியன் மனிதனாலோ விலங்காலோ, பகலிலோ இரவிலோ, வீட்டுக்குள்ளோ வெளியிலோ சாவில்லை என்று வரம் வாங்கிவைத்தான். அந்த வரம் சொல்லாமல் விட்ட இடைவெளியில்தான் நரசிம்மம் தோன்றியது. தொலைக்காட்சி அம்பு, தன்னை அறியாமலேயே, அந்த வாசலுக்கு அருகில் வந்து நிற்கிறது.

டெவில்களிலிருந்து வேறான தீய குலமாக நூல் பிரித்துக் காட்டும் டீமன்களின் பகுதி இதைவிடச் செறிவானது. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974-இல் இவ்விளையாட்டை வெளியிட்டபோது, டீமன் என்று சொல்லத்தக்கதாக அதில் இருந்தது ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ எழுதிய டோல்கீனிடமிருந்து வந்த பால்ரோக் என்னும் நெருப்புப் பூதம் மட்டுமே. 1976-இல் வந்த ‘எல்ட்ரிச் விசார்ட்ரி’ என்னும் துணைநூல்தான் டீமன்களை ஒன்று முதல் ஆறு வரை வகை பிரித்து, ஓர்க்கஸ், டெமோகார்கன் ஆகிய இருவரையும் அவற்றின் தலைவர்களாக்கியது. ஆறாம் வகைக்கு அப்போது பால்ரோக் என்றே பெயர். டோல்கீன் படைப்புகளின் உரிமையாளர் தரப்பிலிருந்து எதிர்ப்பு வந்தபின் அது பாலர் ஆனது. பெயர் மாறினாலும் நெருப்புச் சாட்டையும் வாளும் இந்நூலில் அப்படியே இருக்கின்றன. அந்தப் பழைய ஆறு வகைகளும்கூட இந்த 2014 பதிப்பில், டீமன்களின் மெய்ப்பெயர் பற்றிய சிறு பெட்டிச் செய்தியில் தலைகாட்டுகின்றன. ஐந்தாம் வகையான மாரிலித்தைப் பாருங்கள்: இடுப்புக்குக் கீழே பாம்பு, மேலே பெண், ஆறு கைகளிலும் ஆறு வாள்கள். கோயில் கோபுரத்தை அண்ணாந்து பார்த்து வளர்ந்த கண்ணுக்கு, பல கைகள் என்றால் தெய்வம் என்றுதான் பொருள். அந்த உருவத்தை அரக்கியாக ஏற்க எனக்குச் சற்று நேரம் பிடித்தது.

பெயர்களின் கதை இன்னும் சுவையானது. உலகைப் படைத்தவன் என்று பொருள்படும் ‘டெமியூர்கஸ்’ என்னும் கிரேக்கச் சொல்லை ஏடு படியெடுத்தவர் பிழையாக எழுதியதால் பிறந்ததே ‘டெமோகார்கன்’ என்பது அறிஞர் பலரின் கருத்து. 14-ஆம் நூற்றாண்டில் இத்தாலிய எழுத்தாளர் பொக்காச்சியோ அந்தப் பிழையையே தேவர்களின் மூதாதை ஆக்கினார். ஆங்கிலக் கவிஞர் மில்டனின் ‘பாரடைஸ் லாஸ்ட்’ காவியத்தில் ஓர்க்கஸும் டெமோகார்கனும் அடுத்தடுத்த அடிகளில் வருகிறார்கள். டெவில்களின் அரசனாக நூல் சொல்லும் அஸ்மோடியஸின் பெயர், ‘ஏஷ்ம தேவ’ என்னும் பழம்பாரசீகச் சினப்பேயின் பெயரிலிருந்து வந்ததாகக் கொள்ளப்படுகிறது. அதிலுள்ள ‘தேவ’வும் நாம் கைகூப்பும் தேவரும் ஒரே சொல்லின் இரு கிளைகள். ஈரானில் தேவர் பேயானார்கள், ‘அகுர’ இறைவன் ஆனார். நம் பக்கம் அதே சொல் ‘அசுர’ என்று தலைகீழாகத் திரும்பியது. நரகத்து அரசனின் பெயருக்குள் நம் ‘தேவ’ ஒளிந்திருப்பதை அறிந்தபின் அந்தப் பக்கத்தை நான் பழைய கண்ணால் பார்த்ததே இல்லை.

1980-களில் அமெரிக்காவில் இவ்விளையாட்டு சாத்தான் வழிபாடு என்று எழுந்த கூக்குரலால், 1989-இல் வந்த இரண்டாம் பதிப்பில் டீமன், டெவில் என்ற சொற்களே கைவிடப்பட்டன. 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பில்தான் அவை முழுமையாகத் திரும்பின.

குறைகளைச் சொல்லாமல் விட முடியாது. எழுத்து சிறியது. எதிரிகளை வலிமை வரிசையில் காட்டும் பட்டியல் இந்நூலில் இல்லை; கதை நடத்துபவருக்கு அடிக்கடி தேவைப்படுவது அதுதான். நம் மண்ணுக்குரிய பெனாங்கலானும் இல்லை. குடல் தொங்கத் தலை மட்டும் பறந்து வரும் அந்தப் பெண்பேய், 1981-இல் இதே விளையாட்டுக்கு வந்த ‘ஃபீண்ட் ஃபோலியோ’ தொகுப்பில் இடம் பெற்றவள். அவளைத் தடுக்கச் சன்னலில் முள்ளுள்ள மெங்குவாங் இலை கட்டுவதை மலாய் அண்டைவீட்டார் சொல்லிக் கேட்டு வளர்ந்த எனக்கு அந்த இல்லாமை உறுத்துகிறது. எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, டீமனும் டெவிலும் ராட்சசனும் பிறவியிலேயே தீயவர் என்ற முடிவு. வீடணனும் பிரகலாதனும் அந்தக் குலங்களில் பிறந்தவர்களே. பத்துமலைக்குக் காவடி எடுக்கிற எவருக்கும் சூரபத்மனின் முடிவு தெரியும்: வேலால் பிளவுண்ட அவன் மயிலும் சேவலுமாகி முருகனுடனேயே இருக்கிறான். இந்நூலின் ராட்சசன் செத்தால் ஒன்பது நரகங்களுக்குத் திரும்பி, கொன்றவனைப் பழிவாங்கக் காத்திருப்பான், அவ்வளவே.

ஆகவே கதை நடத்துபவருக்கு இதை வாங்கச் சொல்வேன், ஆடுபவருக்குத் தேவையில்லை. எண்களுக்கும் விதிகளுக்கும் இதை நம்பலாம். அரக்கனின் வாழ்க்கைக்கு நம் வீட்டுக் கதைகளிடம் போக வேண்டும். சென்ற மாதம் அப்படித்தான் செய்தேன். பக்கத்திலிருந்த எண்களை மாற்றாமல், என் ராட்சசனுக்கு ஒரு தவத்தையும் வரத்தையும் கொடுத்தேன்: பறப்பன, நடப்பன, நீந்துவன எவற்றாலும் அவனுக்குச் சாவில்லை. ஏறக்குறைய மூன்று மணி நேரம் மேசையில் வாதம் நடந்தது. பதினோரு மணிக்கு மேல், அதுவரை பேசாமல் இருந்த தம்பி ஒருவர் பகடையைக் கீழே வைத்துவிட்டு, “அண்ணே, ஊர்வன சொல்லவே இல்லையே?” என்றார். அந்த வரத்தைப் புலித்தலையனுக்குப் பக்கத்து ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.