மெகாநியூற்றனா, தொன்னா? பெரிய சுமைகளுக்கு எது தோது

யாழ்ப்பாணத்தில் மேசன்மாரும் ஒப்பந்தக்காரரும் தொன்னில்தான் கதைப்பார்கள். நீர்த்தாங்கிகளின் சுமை பார்க்கும் என் கணக்குத்தாளை மட்டும் முழுக்க மெகாநியூற்றன் என்ற விசை அலகுக்கு மாற்றிவிட்டேன்.

வாய்ப்பாடு தெரிந்ததுதான்: ஒரு தொன் விசை (ஒரு தொன் நிறையைப் புவி இழுக்கும் விசை) 9.80665 கிலோநியூற்றன், ஆயிரம் கிலோநியூற்றன் ஒரு மெகாநியூற்றன், அதாவது ஏறத்தாழ 102 தொன்.

தொன்னுக்கு ஒரு பெரிய வசதி உண்டு. 1000 கன மீற்றர் தண்ணீர் என்றால் 1000 தொன், பெருக்கவே தேவையில்லை. "அண்ணை, தூணுக்கு எவ்வளவு வரும்?" என்று கேட்டால், நாலு தூணுக்குத் தலா 250 என்று உடனே சொல்லலாம்.

ஆனால் தூண் தாங்குமா என்று பார்க்கும்போதுதான் தொன் காலை வாரும். தூண் 600க்கு 600 மில்லிமீற்றர், பரப்பு 0.36 சதுர மீற்றர். 250ஐ அதால் வகுத்தால் சதுர மீற்றருக்கு 694 தொன் வரும். கொங்கிறீற்றின் வலிமையோ 25 மெகாபாஸ்கல். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியாது. மெகாநியூற்றனில் தண்ணீர் 9.81, ஒரு தூணுக்கு 2.45. 0.36ஆல் வகுத்தால் 6.8, சதுர மீற்றருக்கு ஒரு மெகாநியூற்றன் என்பதுதான் ஒரு மெகாபாஸ்கல் என்பதால் அதுவே மெகாபாஸ்கல். தாங்கியின் சொந்த நிறை இதில் சேரவில்லை. ஆனாலும் 25க்கு எவ்வளவு கீழே நிற்கிறோம் என்பது பார்த்ததுமே தெரிகிறது.

அப்புறம் தொன்னைக் கிலோநியூற்றனாக்க 9.80665க்குப் பதில் 10ஆல் பெருக்கும் பழக்கம். தூணில் அது பாதுகாப்பான பக்கம் விழும். ஆனால் 1000 தொன்னுக்கு அப்படி வரும் 10 மெகாநியூற்றனைத் திருப்பி முறையாகத் தொன்னாக்கினால் 1020 வரும். இல்லாத 20 தொன் எங்கிருந்தோ முளைக்கிறது. 9.80665 என்பதே 1901இல் எடைகள் அளவைகளுக்கான பொது மாநாடு புவியீர்ப்பு ஆர்முடுகலுக்கு வகுத்த நியம எண். யாழ்ப்பாணத்தில் புவியீர்ப்பு ஆர்முடுகல் 9.78 அளவுதான். கிலோநியூற்றனுக்கும் மெகாநியூற்றனுக்கும் இடையிலோ தசமப் புள்ளி மட்டும் நகரும், எண் தேயாது.

பழைய பிரித்தானிய தொன் வேறு இருக்கிறது, 1016 கிலோகிராம். பாரம் தூக்கும் ஜாக்கில் வெறுமனே தொன் என்று பொறித்திருந்தால் எந்தத் தொன் என்று விசாரிக்காமல் நான் கணக்கில் எடுப்பதில்லை.

கிலோநியூற்றனை நான் ஒதுக்கவில்லை. வலிமை சோதிக்க வார்க்கும் 150 மில்லிமீற்றர் கொங்கிறீற் கியூப் 25 மெகாபாஸ்கலில் உடைந்தால் 562.5 கிலோநியூற்றன், அந்த அளவுக்கு அதுவே சரி. ஜிகாநியூற்றன் என் வேலையில் வந்ததில்லை, அதைப் பற்றி அனுபவமாகச் சொல்ல ஒன்றுமில்லை.

எல்லாம் முடிந்த பிறகு வரைபடத்தின் ஓரத்தில் ஒரேயொரு தடவை மெற்றிக் தொன்னிலும் எழுதிக் கொடுக்கிறேன். தளத்தில் நிற்பவர்களுக்கு அது போதும்.