ஏஸ் அட்டார்னி ட்ரிலஜி: சட்ட ஆய்வாளர் ஒருவரின் மதிப்புரை

கேம் பாய் அட்வான்ஸ் என்ற கையடக்க விளையாட்டுக் கருவிக்காக 2001 முதல் ஜப்பானில் வெளிவந்த மூன்று வழக்காடல் கேம்களை, கேப்காம் நிறுவனம் 2019இல் கணினிக்கும் பிற கருவிகளுக்கும் ஒரே தொகுப்பாகக் கொண்டுவந்தது. சட்டம் கற்கலாம் என்று இதை வாங்குபவர் ஏமாந்துபோவார். ஆனால் வெகுசனப் பண்பாட்டில் சட்டம் எப்படித் தோன்றுகிறது என்பதை ஆராய்வதையே தொழிலாகக் கொள்ள நினைப்பவருக்கு இதைவிட வளமான பாடப்பொருள் எளிதில் கிடைக்காது.

ஆங்கிலப் பதிப்பு கதையை லாஸ் ஏஞ்சலீஸுக்கு மாற்றிவிட்டது. நடைமுறையோ ஜப்பானிலேயே நின்றுவிட்டது. கொலை வழக்கில் ஜூரி (தீர்ப்பளிக்கும் குடிமக்கள் குழு) கிடையாது; கேமின் கற்பனைப்படி நீதிபதி ஒருவரே விசாரித்து மூன்று நாளுக்குள் முடிக்கிறார். முதல் கேமின் நான்காம் வழக்கு, கொலைக்குற்றத்துக்கு வழக்குத் தொடரப் பதினைந்து ஆண்டுக் காலவரம்பு உண்டு என்பதையே அச்சாகக் கொண்டு சுழல்கிறது. கலிபோர்னியாவில் கொலைக்கு அப்படி ஒரு வரம்பே கிடையாது; ஜப்பானிலோ அந்தக் கேம் வெளியானபோது அதுதான் சட்டம். பின்னர் அது இருபத்தைந்து ஆண்டுகளாக நீட்டிக்கப்பட்டு, 2010இல் அறவே நீக்கப்பட்டது.

கதையைவிட விதிகளைக் கவனிக்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவரின் வழக்கறிஞராக நின்று, சாட்சியின் ஒவ்வொரு வாக்கியத்தையும் குடைந்து கேட்டு, முரணான இடத்தில் சான்றை நீட்டுவதுதான் ஆட்டம். முதல் வழக்கில், ஒரு மணிக்கு உடலைக் கண்டதாகச் சொல்லும் சாட்சியின் பொய், பாரிஸ் நேரத்திலேயே ஓடிக்கொண்டிருந்த கடிகாரத்தால் உடைகிறது (கொலையாளி யாரென்று தொடக்கத்திலேயே காட்டிவிடுவதால் இதில் ரகசியம் ஏதுமில்லை). முதல் கேமில் ஐந்து முறை தவறினால் தண்டனை கட்சிக்காரரின் தலையில் விழுகிறது. உண்மைக் குற்றவாளியைப் பிடித்துக் கொடுக்காமல் கட்சிக்காரரை மீட்பதும் அரிது. குற்றத்தை மெய்ப்பிக்கும் சுமை அரசுத் தரப்பிலிருந்து நம் தோளுக்கு மாறிவிடுவதை எந்தப் பாத்திரமும் வாய்விட்டுச் சொல்வதில்லை. விரல்கள்தான் அதை உணர்கின்றன. வழக்குக்கு வருபவர்களில் 99 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் தண்டிக்கப்படும் நாட்டில் பிறந்த கேம் என்பதை நினைத்தால், இந்த விதியை வெறும் வடிவமைப்புக் கோளாறாகத் தள்ளிவிட முடியவில்லை.

குறையும் உண்டு. முரணைச் சரியாகக் கண்டுபிடித்தாலும், எழுதியவர் மனத்தில் வைத்திருந்த அதே சான்றை, அதே வாக்கியத்தில் காட்டாவிட்டால் தண்டம்தான். உரையாடல்களும் சில இடங்களில் அளவு மீறி நீள்கின்றன.

ஜூரி முறை பற்றி எழுத விரும்புவோருக்கு இத்தொகுப்பு போதாது. 2007இல் வந்த நான்காம் கேமையும் வாங்க வேண்டும். ஜப்பானில் குடிமக்கள் நீதிபதிகளோடு அமர்ந்து தீர்ப்பளிக்கும் முறை 2009இல் நடைமுறைக்கு வருவதற்கு முன்பே, அக்கேம் ஒரு சோதனை ஜூரியைக் கதைக்குள் அமர்த்திவிட்டது.