தண்ணீர் மாற்றிய பிறகும் பச்சையாகவே நிற்கும் அம்மோனியா பேட்ஜ்: குவாரன்டைன் தொட்டியில் நீண்ட நாள் அனுபவம்

பவுடர் ப்ளூ டாங் என்ற கடல் மீனை வாங்கப்போகும் நண்பர் ஒருவர் கேட்டார்: "குவாரன்டைன் தொட்டிக்கு அந்த ஒட்டுற அம்மோனியா பேட்ஜ் மட்டும் போதுமா, இல்ல சொட்டு விட்டுப் பார்க்கிற கிட்டும் வாங்கணுமா?" ஒரு வரியில் முடிகிற பதில் இல்லை, அதனால் எழுதியே விடுகிறேன். குவாரன்டைன் தொட்டி என்பது புது மீனை மெயின் தொட்டியில் விடும் முன் தனியே வைத்து மருந்து கொடுக்கும் தொட்டி. மணல் இல்லாத வெறும் தொட்டி, ஸ்பான்ஜ் ஃபில்டர், ஹீட்டர், ஒளிந்துகொள்ள பிவிசி குழாய், மேலே மூடி, இதெல்லாம் தெரிந்தவர்களுக்குத்தான் இந்தப் பதிவு. லைவ் ராக்கும் (பாக்டீரியா குடியிருக்கும் கடல் பாறை) பவள மணலும் ஒட்டுண்ணிகளைக் கொல்லப் போடும் காப்பர் மருந்தை உறிஞ்சிக்கொள்ளும் என்பதால்தான் தொட்டி வெறுமையாக இருக்கிறது என்பதும் தெரிந்திருக்கும்.

பேட்ஜ் என்பது கண்ணாடியின் உள்பக்கம் ஒட்டும் ஒரு சின்ன பிளாஸ்டிக் அட்டை. நடுவில் மஞ்சள் வட்டம், சுற்றிலும் ஒப்பிட்டுப் பார்க்க நிறங்கள். வட்டத்தின் மேலுள்ள படலம் தண்ணீரைத் தடுத்துவிட்டு அம்மோனியா வாயுவை மட்டும் உள்ளே விடும். உள்ளே இருக்கும் சாயம் மஞ்சளிலிருந்து பச்சைக்கும், நிலைமை மோசமானால் நீலத்துக்கும் போகும். என்னிடம் இருப்பதில் 0.02 பிபிஎம்முக்குக் (பிபிஎம் என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) கீழே மஞ்சள், 0.05 வந்தால் லேசான பச்சை, 0.2 வந்தால் ஆபத்து, 0.5 என்றால் மீன் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், பிறகு கோபம் வந்துவிடும். தண்ணீரில் அம்மோனியா இரண்டு வடிவத்தில் இருக்கிறது. ஒன்று அம்மோனியம், மீனுக்கு அவ்வளவாகக் கெடுதல் இல்லாதது. இன்னொன்று வாயு வடிவ அம்மோனியா, செவுளை எரிப்பது இதுதான். எது எவ்வளவு என்பதை தண்ணீரின் அமில-காரத் தன்மையைச் சொல்லும் பிஹெச்தான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. பிஹெச் 7-இல் நச்சுப் பங்கு அரை சதவீதம் அளவுதான். கடல்நீருக்குரிய 8.2-க்குப் போனால் அதுவே 7, 8 சதவீதம். சொட்டு கிட் இரண்டையும் சேர்த்து மொத்தமாகச் சொல்லும், பேட்ஜ் நச்சுப் பங்கை மட்டும் காட்டும். அதுவும் புதிதாக வந்த மீன் பயந்து குழாய்க்குள் ஒடுங்கிக் கிடக்கும் முதல் சில நாட்களில், மூடியைத் திறக்காமல், தொட்டிக்குள் கையை விடாமல், அறை வாசலில் நின்றபடியே பார்த்துவிட முடிவது எவ்வளவு பெரிய உதவி! அந்த நாட்களில்தான் மீன் சாப்பிடுமா என்று பார்க்க மைசிஸ் (இறால் போன்ற சின்னத் தீனி) கொஞ்சம், கடற்பாசித் தாள் கொஞ்சம் என்று மாற்றி மாற்றிப் போடுகிறோம், பாதி அடியில் கிடந்து அழுகுகிறது, அம்மோனியா ஏறுகிறது. எத்தனையோ முறை எனக்கு முதலில் சொன்னது இந்த வட்டம்தான். நிலைமை மோசமாகும்போது கால் மணி நேரத்துக்குள் நிறம் மாறத் தொடங்கிவிடும். இந்த வேகத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

பையில் வரும் மீனைப் பற்றி ஒரு வார்த்தை, இது பேட்ஜை விட முக்கியம். நீண்ட பயணத்தில் பைக்குள் மீன் விட்ட கரியமில வாயு சேர்ந்து பிஹெச் இறங்கியிருக்கும், அம்மோனியாவும் நிறையச் சேர்ந்திருக்கும், ஆனால் பெரும்பகுதி அம்மோனியமாக அடங்கியிருக்கும். பையைத் திறந்ததும் கரியமில வாயு வெளியேறுகிறது, பிஹெச் ஏறுகிறது, அடங்கியிருந்தது அந்த நிமிடமே நச்சாக மாறத் தொடங்குகிறது. இந்தத் தண்ணீரில் ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாகப் பழக்குவது மீனுக்குச் செய்யும் நல்லது இல்லை. குவாரன்டைன் தொட்டியின் உப்புத்தன்மையை முன்கூட்டியே பைத் தண்ணீருக்குச் சமமாக வைத்துவிட்டு, மூடிய பையை மிதக்கவிட்டு வெப்பநிலையைச் சரிசெய்து, மீனை மட்டும் எடுத்து விட்டுவிட வேண்டும். பைத் தண்ணீர் தொட்டிக்குள் போகக் கூடாது.

சரி, இப்போது என் கோபத்துக்கு வருகிறேன். ஏறும்போது கால் மணி நேரத்தில் சொல்கிற இந்தப் பேட்ஜ், இறங்கும்போது மணிக்கணக்கில் எடுத்துக்கொள்கிறது. பாதித் தண்ணீரை மாற்றிவிட்டீர்கள், அம்மோனியா உண்மையிலேயே இறங்கிவிட்டது, வட்டம் மட்டும் அதே பச்சையில் நிற்கும். நான்கு மணி நேரம் வரை ஆகும் என்று கையேட்டில் போட்டிருக்கிறார்கள், நேர்மைதான், மறைக்கவில்லை. ஆனால் அந்த நான்கு மணி நேரம் மீன் வைத்திருப்பவருக்கு எப்படி இருக்கும் என்று செய்தவர்கள் யோசித்தார்களா? புகை வந்ததும் கத்துகிற அலாரம், புகை போன பிறகும் ராத்திரி முழுக்கக் கத்தினால் அதை எப்படி நம்புவது? மீன் மேலே வந்து வேகமாக மூச்சு விடுகிறது, காரணம் அம்மோனியாவா, செவுளில் வெல்வெட் ஒட்டுண்ணியா, காற்று போதவில்லையா என்று முடிவெடுக்க வேண்டிய நேரம் அது. வெல்வெட் என்றால் ஒரு நாள்கூடக் காத்திருக்க முடியாது. அந்த நேரத்தில் பழைய செய்தியைக் காட்டிக்கொண்டு நிற்கும் கருவியால் என்ன பயன்?

குழப்பம் இதோடு நிற்கவில்லை. கதவு ஜன்னல் மூடிய அறையில் வெறும் தொட்டியின் பிஹெச் 7.8 பக்கம் இறங்கிவிடும், அங்கே நச்சுப் பங்கு 3 சதவீதம்தான், மொத்த அம்மோனியா இருந்தாலும் வட்டம் மஞ்சளாகவே இருக்கலாம். நாம் கலக்கி வைத்த புதுத் தண்ணீரோ 8.2, 8.3-இல் இருக்கும். கால்வாசி மட்டும் மாற்றினால் மொத்த அம்மோனியா குறைந்தும், பிஹெச் ஏறியதால் நச்சுப் பங்கு குறையாமல் போகலாம், கொஞ்சம் கூடவும் செய்யலாம். அப்போது பேட்ஜ் பச்சையாக இருப்பது தாமதத்தாலா, உண்மையிலேயே நிலைமை அப்படித்தானா? பார்த்துச் சொல்லவே முடியாது. மாற்றுவதாக இருந்தால் பாதிக்குக் குறையாமல் மாற்றுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

காப்பர் போட்டிருக்கும்போது இந்த எரிச்சல் இரண்டு மடங்காகும். காப்பர் மருந்து ஸ்பான்ஜில் இருந்து அம்மோனியாவைத் தின்னும் நல்ல பாக்டீரியாவையும் மந்தப்படுத்துகிறது, அதனால் அம்மோனியா ஏறுவது பெரும்பாலும் மருந்து நாட்களில்தான். அம்மோனியாவைக் கட்டிப்போடும் பாட்டில் மருந்தை அப்போது தொடவே கூடாது. அவற்றில் பல காப்பரை மீனுக்கு இன்னும் நச்சான வடிவத்துக்கு மாற்றிவிடும், காப்பர் மருந்தின் லேபிளிலேயே எச்சரிக்கை இருக்கும், தயவுசெய்து படியுங்கள். மிஞ்சும் ஒரே வழி தண்ணீர் மாற்றம். கீலேட்டட் காப்பர் (வேறொரு பொருளோடு பிணைத்த காப்பர்) என்றால் 2 முதல் 2.5 பிபிஎம் வரை விடாமல் இருக்க வேண்டும். காப்பர் இல்லாத தண்ணீரை வைத்துப் பாதியை மாற்றினால் அளவும் பாதியாகிவிடும், வெள்ளைப்புள்ளிக் கிருமி தப்பித்துவிடும், முப்பது நாள் சிகிச்சைக் கணக்கு மறுபடி முதலிலிருந்து. அதனால் புதுத் தண்ணீரிலும் அதே அளவு மருந்தைக் கலந்து, மீட்டரில் பார்த்துவிட்டு ஊற்ற வேண்டும். இவ்வளவையும் செய்து முடித்து நிமிர்ந்தால் வட்டம் பச்சை! இன்னொரு பாதி மாற்றலாமா என்று கை பரபரக்கும். மாற்றாதீர்கள், முதலில் கிட்டில் பாருங்கள்.

ஆக, கிட் கண்டிப்பாக வேண்டும். மொத்த அம்மோனியா 0.25 இருந்தாலே கிட்டின் நிறம் மாறிவிடும். அதே தண்ணீரில் 8.2 பிஹெச்சில்கூட நச்சுப் பங்கு 0.02 பக்கம்தான், பேட்ஜ் மஞ்சளாகவே இருக்கும். அதாவது ஸ்பான்ஜ் தடுமாறத் தொடங்குவதை முதலில் பிடிப்பது கிட். பேட்ஜ் காட்டுவது அந்தத் தடுமாற்றம் மீனைத் தொட்ட பிறகு. காப்பர் இல்லாத நாட்களில் கட்டிப்போடும் மருந்து ஊற்றியிருந்தால் கதை தலைகீழ்: கட்டுண்ட அம்மோனியாவையும் சேர்த்து எண்ணி கிட் பயமுறுத்தும், பேட்ஜ்தான் உண்மையைச் சொல்லும். அந்த ஒரு சந்தர்ப்பத்தில் இதற்கு ஈடான பொருள் எனக்குத் தெரியவில்லை, மனதாரச் சொல்கிறேன்.

சில்லறைக் குறைகளும் உண்டு. ஒட்டும் ரப்பர் சில மாதங்களில் பிடிப்பை இழக்கிறது, காலையில் பார்த்தால் பேட்ஜ் அடியில் கவிழ்ந்து கிடக்கும். நீல விளக்கின் கீழே மஞ்சளும் இளம்பச்சையும் ஒன்றுபோலத் தெரியும், வெள்ளை வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும். ஒரு வருஷம் தாண்டினால் சாயம் மங்கிவிடுகிறது. இதெல்லாம் பொறுத்துக்கொள்ளக் கூடியவைதான்.

ஸ்பான்ஜைப் பற்றிப் புகார் எதுவும் இல்லை. மெயின் தொட்டியின் சம்ப்பில் (அதோடு இணைந்த ஃபில்டர் தொட்டி) ஒரு மாதத்துக்கும் மேல் போட்டு ஊறவைத்த ஸ்பான்ஜ் ஒன்று எப்போதும் தயாராக இருந்தால், இங்கே புலம்பியதில் முக்கால்வாசிக்கு இடமே இல்லை. மருந்துத் தொட்டியில் பயன்படுத்தியதைத் திரும்ப சம்ப்பில் போடக் கூடாது, அவ்வளவுதான்.

இப்போது என் தொட்டியில் ஒரு ஃப்ளேம் ஏஞ்சல் மீன் இருக்கிறது. ஏஞ்சல்களுக்குக் காப்பரை மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும், சில நாட்களாகப் படிப்படியாக ஏற்றிக்கொண்டிருக்கிறேன், நன்றாகச் சாப்பிடுகிறது. நேற்று ராத்திரி வட்டம் பச்சையானது, பாதித் தண்ணீர் மாற்றினேன், கிட்டில் பார்த்தால் இறங்கியிருந்தது, பேட்ஜ் நான் தூங்கப் போகும்வரை பச்சையாகவே இருந்தது. அந்தக் கடுப்பு இன்னும் தீரவில்லை. அதனால் மதிப்பெண் கேட்டால் இன்றைக்கு ஐந்துக்கு இரண்டுதான், போன மாதம் கேட்டிருந்தால் நான்கு சொல்லியிருப்பேன். கழற்றிப் போடுவேனா என்றால் மாட்டேன், பேட்ஜ் ஒட்டாத தொட்டியில் மீனை விட எனக்கு மனசு வராது.

நண்பருக்கு: முதலில் கிட், அப்புறம் பேட்ஜ், இரண்டுக்கும் முன்னால் இன்றைக்கே ஸ்பான்ஜை சம்ப்பில் போடுங்கள். டாங்கைப் பிறகு வாங்கலாம். வாங்கும்போது அது இருந்த தொட்டியின் உப்புத்தன்மை எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள், 1.019, 1.020 (உப்பைப் பொறுத்து மாறும் அடர்த்தி எண்) என்று குறைவாக வைத்திருக்கும் இடங்கள் நிறைய. உங்கள் குவாரன்டைன் தொட்டியையும் அதே அளவில் ஆரம்பித்து, நாளுக்கு 0.001 வீதம் ஏற்றிக்கொண்டு போங்கள். உப்பு அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரை ஆர்ஓ தண்ணீரில் மட்டும் சரிபார்த்தால் போதாது, 35 பிபிடி (ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பு) கரைசலிலும் பார்த்துவிடுங்கள்.