மனச்சோர்வுக்குக் குளிசையா, பேச்சா?

திருகோணமலை உவர்மலையில் என் மச்சாள் வீட்டுச் சாமித்தட்டுக்குப் பக்கத்தில் குளிசை அட்டை கிடந்தது. பத்து நாள் போட்டுவிட்டு நிறுத்தியிருந்தாள். "பனடோல் மாதிரி உடன கேக்கும் எண்டு நினைச்சன்" என்றாள்.

அது ஃபுளுவொக்செட்டின் என்ற மனச்சோர்வு மருந்து. மூளையில் நரம்பணுக்களுக்கிடையே செய்தி கடத்தும் பொருள் செரோட்டோனின்; வெளிவந்த அதை நரம்பணு திரும்ப உறிஞ்சாமல் இந்த மருந்து தடுக்கும். அந்தத் தடுப்பு சில மணித்தியாலத்தில் தொடங்கிவிடும்; மனம் தெளியவோ கிழமைக்கணக்கு. ஆகவே 'செரோட்டோனின் குறைந்ததால்தான் சோர்வு, குறைந்ததை நிரப்பினால் சரி' என்ற கதை போதாது. கருவிலேயே செரோட்டோனின், நரம்பணுக்கள் எங்கே போய் அமர்வது, எப்படிக் கிளைவிடுவது என்று வழிகாட்டுகிற பொருள். வளர்ந்த மூளையிலும் இணைப்புகள் மெல்ல மாறுவதால்தான் இந்தத் தாமதம் என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள்.

பயிற்சி பெற்றவரோடு மனம்விட்டுப் பேசும் பேச்சுச் சிகிச்சையில் குளிசை தரக்கூடிய குமட்டல் இல்லை, முடிந்த பிறகும் பலன் நீடிக்கலாம். ஆனால் அவர் தமிழில் பேசுபவராக இருக்க வேண்டும். மூதூரிலிருந்து பஸ் ஏறுபவருக்கு ஒவ்வொரு முறையும் அரைநாள் கூலி போய்விடும்.

லேசான சோர்வென்றால் பேச்சைத்தான் முதலில் சொல்வேன். சாப்பாடும் நித்திரையும் கெட்டுப் படுத்த படுக்கையானவருக்கு இரண்டும் சேர்ந்தே வேண்டும். இளம் வயதினர் குளிசை தொடங்கும் முதல் கிழமைகளில் தற்கொலை எண்ணம் கூடலாம். அமெரிக்க மருந்து நிர்வாகம் 2004இல் சிறுவருக்கும், 2007இல் 24 வயது வரையானவருக்கும் இந்த எச்சரிக்கையை விடுத்தது. அந்த நாட்களில் வீட்டார் கிட்டவே இருக்க வேணும்.

மச்சாள் வைத்தியரைக் கேட்டு மறுபடி தொடங்கினாள். ஐந்தாம் கிழமை ஒரு பின்னேரம், கடற்கரைக்குப் போவமா என்று அவளாகவே கேட்டாள்.