நன்னாரியா, மாகாளியா?

நாட்டு மருந்துக் கடையில் நன்னாரி கேட்டால் சில நேரம் மாகாளிக் கிழங்கைக் காயவைத்துக் கட்டித் தருவார்கள். மூக்கை நம்பினால் ஏமாந்துவிடுவோம், ஏனென்றால் இரண்டுக்கும் மணம் தருவது ஒரே வேதிப்பொருள்தான். விரலால் தொட்டுப் பாருங்கள். நன்னாரி குச்சி போல ஒல்லியாக, கரும்பழுப்பாக, உள்ளே கட்டையாக இருக்கும். வாசனை முழுக்கத் தோலில்தான். மாகாளி விரல் தடிமன், சதைப்பற்று அதிகம்.

ஆயுர்வேதத்தில் 'சாரிபா' என்பது நன்னாரிதான். உடல் சூடு, நீர்க்கடுப்பு, தோல் நோய்களுக்குச் சொல்லப்பட்டது. வேரைத் தட்டி இரவு முழுக்க ஊறவைத்து, காலையில் காய்ச்சி, சர்க்கரைப் பாகு சேர்த்தால் சர்பத். எலுமிச்சை பிழிய மறக்காதீர்கள்.

மாகாளி ஊறுகாய்க்குத்தான். தோல் சீவி, நடு நரம்பை எடுத்துவிட்டு, கடுகு, மிளகாய் அரைத்த புளித்த மோரில் ஊறப்போட வேண்டும். மூட்டைப்பூச்சி நாற்றம் என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. எனக்கோ தயிர்சாதத்துக்கு அதை விட்டால் வேறில்லை. ஆனால் காட்டில் தோண்டித் தோண்டி அருகி வருகிறது. அதனால் சர்பத்துக்கு நன்னாரியையே கேட்டு வாங்குங்கள்.